63 நாள் தாண்டிய பொம்மி: ஸ்கேனில் சினை நாளைக் கணித்த ஒரு நிகழ்வு

பினாங்கின் பெருநிலப் பக்கம், பிறை வட்டாரத்தில் 2024 அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் நடந்தது இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்கள் பெயரோ குடியிருக்கும் தாமானின் பெயரோ இதில் வராது. நாயின் பெயரையும் மாற்றிப் பொம்மி என்று வைத்திருக்கிறேன். சிகிச்சை பார்த்தவன் நான். என் கையால் நடந்த தவறு ஒன்றும், நான் சரியாகச் சொல்லாமல் விட்டது ஒன்றும் இதில் இருக்கின்றன.

பின்னணி

பொம்மிக்கு மூன்று வயது. கலப்பினம். காதையும் தாடியையும் பார்த்தால் டெரியர் சாயல், காலும் வாலும் நம் கம்போங் நாய். வீட்டில் அம்மா, அப்பா, பன்னிரண்டு வயதுப் பையன், அப்பாவின் தகப்பனார் என்று நான்கு பேர். நாயைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் தாத்தாவும் பேரனும்தான். கருத்தடை செய்யலாம் என்று இரண்டு முறை பேசி, இரண்டு முறையும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, எதிர்வரிசை வீட்டு ஆண் நாயோடு பொம்மி இணை சேர்ந்ததைப் பையன் பார்த்திருக்கிறான். கைப்பேசியில் அன்றைய தேதியைக் குறித்து, நாய்க்குச் சினைக்காலம் 63 நாள் என்று தேடிப் படித்து, அக்டோபர் 27-ஐச் சிவப்பில் வட்டமிட்டு வைத்துவிட்டான். பன்னிரண்டு வயதில் இவ்வளவு ஒழுங்காகக் குறித்து வைத்த பையனை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கில் பிழை இல்லை, தொடங்கிய நாளில்தான் பிழை.

செப்டம்பரில் ஸ்கேன் எடுக்கவில்லை. வயிறு தெரிந்ததும் சினை என்று முடிவு செய்துகொண்டார்கள். தீபாவளி அக்டோபர் 31. அதற்குள் குட்டி போட்டுவிடும், வீட்டுக்காரர்கள் ஈப்போவுக்குப் போய்வரலாம் என்பது திட்டம்.

அக்டோபர் 28: கிளினிக்குக்கு வந்தபோது

27-ஆம் தேதி வந்தது, போனது. பொம்மி வழக்கம்போலச் சாப்பிட்டது, வாசலில் படுத்துக்கொண்டது. மறுநாள் காலை அம்மா, தாத்தா, பையன் மூவரும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த தெருவில் நாய் வளர்த்து விற்கும் ஒரு அங்கிள், "63 தாண்டினா தண்ணி வத்திடும், குட்டி உள்ளேயே போயிடும், இன்னைக்கே கிழிச்சு எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"ஓப்பரேஷன் பண்ணிடலாம் டாக்டர். பெருநாளுக்குள்ள முடிஞ்சிடும்லா," என்றார் அம்மா.

அந்த அங்கிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது அவர் வளர்க்கும் நாய்களுக்குச் சரியாகவே இருந்திருக்கும். விற்பனைக்கு வளர்ப்பவர்களில் பலர் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, முட்டை வெளிவரும் நாளை அறிந்து, அதற்கு ஒட்டித்தான் இணை சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் 63 நாள் கணக்கு ஒரு நாள் முன்பின்னாக நிற்கும். ஏனென்றால் 63 என்பது முட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணும் எண். முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோன் உச்சம் தொட்ட நாளிலிருந்து எண்ணினால் 65. இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எதுவும் இயல்பே. பெண் நாய் முட்டை வெளிவருவதற்குப் பல நாள் முன்பே ஆணை ஏற்றுக்கொள்ளும். ஆணின் விந்தணு உள்ளே ஒரு வாரம் போல உயிரோடு இருக்கும். வெளிவந்த முட்டையும் உடனே கருவாகாது, முதிர்ச்சி அடைய இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஆக, தெருவில் நடந்த ஒரு இணைசேர்க்கையை வைத்து நாளைச் சொல்ல முயல்வது, பேருந்து நிலையத்துக்கு ஆள் வந்த நேரத்தை வைத்துப் பேருந்து எப்போது ஊர் சேரும் என்று சொல்வது போன்றது.

பரிசோதனையில் கண்டது: உடல் வெப்பம் 38.4 டிகிரி. மூச்சு சீர். பிறப்புறுப்பில் பச்சை நிறக் கசிவோ துர்நாற்றமோ இல்லை. மடி இறங்கியிருந்தது, அழுத்தினால் தெளிந்த ஒரு சொட்டு, இன்னும் பால் இல்லை. எடை மெஷினில் 11.9 கிலோ.

ஸ்கேனில் எதைப் பார்த்தோம்

சினையின் முதல் பாதியில் ஸ்கேன் வைத்தால் கருப்பைக்குள் கருக்கள் இருக்கும் நீர்ப்பைகள் கறுப்பு உருண்டைகளாகத் தெரியும். அந்த உருண்டையின் உள்விட்டத்தை அளந்தால் நாள் கிடைக்கும். எல்எச் உச்சத்திலிருந்து 20 நாள் வாக்கில் உருண்டை தெரியத் தொடங்கும், 25 நாள் வாக்கில் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். நாள் கணிக்க மிகவும் நம்பகமான காலம் அதுதான். எல்லாக் குட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், ஸ்கேன் திரைக்குள் முழுசாக அடங்கும். பொம்மி விஷயத்தில் அந்தக் காலம் போயே போய்விட்டது.

பிந்தைய பாதியில் அளப்பது குட்டியின் தலை. மண்டை ஓட்டின் இரண்டு பக்க எலும்புகளுக்கும் இடையே உள்ள அகலம். சொல்ல எளிது. தலை நேராக, நடுக்கோடு தெரியும்படி, இரண்டு பக்கமும் ஒரே வடிவில் திரையில் விழ வேண்டும். கொஞ்சம் சாய்ந்து வெட்டினாலும் எண் ஏமாற்றும். குட்டியோ அசைந்துகொண்டே இருக்கும், தாயோ மேசையிலிருந்து இறங்கப் பார்க்கும். தாத்தா பொம்மியின் தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்ததால்தான் அன்று மூன்று குட்டிகளை ஒழுங்காக அளக்க முடிந்தது: 20.1, 20.6, 20.8 மில்லிமீட்டர். சராசரி 20.5.

இதயத் துடிப்பு நான்கு குட்டிகளுக்குக் கிடைத்தது: நிமிடத்துக்கு 218, 226, 230, 232. வயிற்றுக்குள் இருக்கும் நாய்க்குட்டிக்கு 200-க்கு மேல் என்றால் நிம்மதி, 180-க்குக் கீழே போனால் குட்டி திணறுகிறது என்று பொருள். இங்கே திணறல் எதுவும் இல்லை. தண்ணீர் வற்றவும் இல்லை.

கடைசியாக, குட்டிகளின் வயிற்றில் குடல் தெரிகிறதா என்று தேடினேன். குடல் சுவர் அடுக்கடுக்காகத் தெரிவதும், அது நெளிவதும் எல்எச் உச்சத்திலிருந்து 57 நாளுக்கு முன் பொதுவாகக் காணக்கிடைப்பதில்லை. ஒரே ஒரு குட்டியில் மெல்லிய நெளிவு ஒன்று தெரிந்தது போல இருந்தது. குறிப்பில் "குடல் அசைவு, ஒரு குட்டி, சந்தேகம்" என்று எழுதினேன். இந்தச் சந்தேகத்தை அப்போதே தீவிரமாக எடுத்திருந்தால் அன்று இரவு நடந்த சங்கடம் இருந்திருக்காது.

முதல் முடிவும் அதில் இருந்த தவறும்

அறுவை செய்வதில்லை என்ற முடிவு எடுக்கக் கடினமாக இல்லை. குட்டியின் நுரையீரல் மூச்சுவிடத் தயாராவது சினைக்காலத்தின் கடைசிச் சில நாட்களில்தான். ஒரு வாரம் முன்னால் வெட்டி எடுத்தால் நான்கும் கையில் துடித்துச் சாகும். தாய்க்குக் காய்ச்சல் இல்லை, கசிவு இல்லை, குட்டிகளின் துடிப்பு நன்றாக இருக்கிறது. அவசரப்பட ஒரு காரணம்கூட இல்லை. புரொஜெஸ்டிரோனுக்கு ரத்தம் எடுத்து அனுப்பினேன். குட்டி போட ஒரு நாளுக்குள் இருக்கும்போது அது ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே விழுந்துவிடும். மறுநாள் வந்த முடிவு 6.4.

அடுத்தது எந்த நாள் என்ற கேள்வி. 2000-ஆம் ஆண்டில் இத்தாலியின் லுவோனி, கிரியோனி இருவரும் வெளியிட்ட சூத்திரங்களைத்தான் நான் பயன்படுத்துகிறேன். அவை நாயின் உடல் அளவைப் பொறுத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். 10 கிலோ வரை சிறிய நாய், 11 முதல் 25 கிலோ வரை நடுத்தர நாய். சிறிய நாய் என்றால் தலை அகலத்தை 25.11-இலிருந்து கழித்து 0.61-ஆல் வகுக்க வேண்டும். நடுத்தர நாய் என்றால் 29.18-இலிருந்து கழித்து 0.7-ஆல் வகுக்க வேண்டும். வருவது குட்டி போட மீதமிருக்கும் நாள்.

மெஷின் 11.9 காட்டியது. நான் நடுத்தர நாய் என்று எடுத்துக்கொண்டேன். 29.18-இலிருந்து 20.5 போனால் 8.68, அதை 0.7-ஆல் வகுத்தால் 12.4 நாள். "நவம்பர் 9 வாக்கில்" என்று சொல்லி அனுப்பினேன். முன்பின் எத்தனை நாள் ஆகலாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. எழுதிக் கொடுத்த அட்டையில் ஒரே தேதிதான் இருந்தது.

அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. 9-ஆம் தேதி என்றால் ஈப்போ போய்விட்டு 3-ஆம் தேதி திரும்பி வந்தாலும் நேரம் இருக்கிறது. தாத்தா மட்டும் வீட்டில் நாயோடு இருப்பதாக முடிவானது.

அன்று இரவு

கிளினிக்கை மூடுவதற்கு முன் பதிவேட்டில் ஏற்றும்போது பொம்மியின் தடுப்பூசி அட்டை கையில் வந்தது. ஜூலை மாதம் எடை 9.2 கிலோ.

11.9 என்பது குட்டிகள், நீர், நஞ்சுக்கொடி, பெருத்த கருப்பை, மடி எல்லாம் சேர்ந்த எடை. சூத்திரம் கேட்பது நாயின் உடல் அளவை, இவற்றையெல்லாம் சேர்த்த எடையை அல்ல. பொம்மி சிறிய நாய். 25.11-இலிருந்து 20.5 போனால் 4.61, அதை 0.61-ஆல் வகுத்தால் 7.6 நாள். நவம்பர் 4 அல்லது 5. ஒரே அளவு, ஒரே குட்டி, ஒரே நாள், ஆனால் பெட்டியை மாற்றிப் போட்டதில் ஐந்து நாள் வித்தியாசம்.

அப்போதுதான் அந்தக் குடல் அசைவு மண்டையில் உறைத்தது. 12 நாள் மீதம் என்றால் எல்எச் கணக்கில் அது 53-ஆவது நாள், குடல் தெரியக் கூடாது. ஏழரை நாள் மீதம் என்றால் 57-ஆவது நாள், அப்போதுதான் தெரியத் தொடங்கும். சூத்திரம் தவறு என்று குட்டியே மதியம் சொல்லியிருக்கிறது. நான் அதைச் "சந்தேகம்" என்று எழுதி ஓரம் வைத்துவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கு அவர்களை அழைத்துச் சொன்னேன். "மதியம் ஒன்னு சொன்னீங்க, இப்ப ஒன்னு சொல்றீங்களே டாக்டர்," என்றார் அம்மா. கோபம் நியாயமானது. தவறு என்னுடையது என்று சொல்லி, இந்த முறை தேதி சொல்லவில்லை, இடைவெளி சொன்னேன்: நவம்பர் 2 முதல் 7 வரை, பெரும்பாலும் 4 அல்லது 5. கலப்பின நாய் என்பதால் இந்தச் சூத்திரங்கள் அதற்கென்று அளந்து எழுதப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஈப்போ பயணத்தை ஒரே நாளாகச் சுருக்கிக்கொண்டார்கள். தீபாவளியன்று காலை போய் இரவே திரும்பினார்கள்.

பெருநாள் நாட்கள்

30-ஆம் தேதி முதல் ஒரு நாளைக்கு மூன்று வேளை உடல் வெப்பம் பார்க்கச் சொல்லியிருந்தேன். பையன் தாளில் கோடு போட்டு எழுதினான். 38.2, 38.0, 38.3. தீபாவளி இரவு வெடிச் சத்தத்தில் பொம்மி அடுப்படி மேசைக்கடியில் போய் நடுங்கியது, அன்று 38.9. மறுநாள் விடியற்காலை 37.6 என்றதும் அலறி அடித்துக்கொண்டு அழைத்தார்கள். கடைசி வாரத்தில் இப்படிக் கொஞ்சம் இறங்கி ஏறும், 37.2-க்குக் கீழே போனால்தான் கணக்கு, அதிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டி வரும் என்று விளக்கினேன். இருந்தாலும் கொண்டுவரச் சொன்னேன். என் முதல் தவறு எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது.

நவம்பர் 1, வெள்ளி. இரண்டாவது ஸ்கேன். தலை அகலம் 22.4, 22.7, 23.0. சராசரி 22.7. சிறிய நாய்ச் சூத்திரத்தில் மீதம் 4 நாள், அதாவது நவம்பர் 5. நடுத்தர நாய்ச் சூத்திரத்தில் 9.3 நாள், நவம்பர் 10. இரண்டுமே முதல் ஸ்கேனில் தாங்கள் சொன்ன தேதியை ஏறக்குறைய அப்படியே திரும்பச் சொல்கின்றன. நான்கு நாளில் 2.2 மில்லிமீட்டர் வளர்ச்சி என்பது சிறிய நாயின் வேகத்துக்கு நெருக்கம்தான். ஆனால் கையால் அளக்கும்போது அரை மில்லிமீட்டர் முன்பின் ஆவது சாதாரணம். அதை மட்டும் நம்பி ஒரு பக்கம் சாய முடியாது.

முடிவு சொன்னது வேறு இரண்டு விஷயங்கள். குடல் அசைவு இப்போது எல்லாக் குட்டிகளிலும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்தோம். இந்த நிலையில் ஓர் எக்ஸ்ரேயால் குட்டிகளுக்குக் கெடுதல் இல்லை. இடுப்பெலும்பு தெரிந்தது, தாடையில் பற்களும் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. பற்கள் எக்ஸ்ரேயில் விழுவது எல்எச் கணக்கில் 58 நாளுக்கு மேல்தான். 9 நாள் மீதம் என்றால் அன்று 56-ஆவது நாளாகத்தான் இருந்திருக்கும், பல் தெரிந்திருக்காது. நடுத்தர நாய்ச் சூத்திரத்தை அத்தோடு கோப்பில் கோடு போட்டு அடித்தேன்.

எக்ஸ்ரே இன்னொன்றும் சொன்னது. மண்டை ஓடுகளையும் முதுகெலும்புகளையும் தனித்தனியாக எண்ணினோம். நான்கு அல்ல, ஐந்து. ஸ்கேனில் எண்ணிக்கை தப்புவது புதிதல்ல. ஒரே குட்டியை இரண்டு முறை எண்ணிவிடலாம், ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்துவிடலாம். ஆனாலும் ஐந்தாவது ஒன்று இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தது பிற்பாடு எவ்வளவு முக்கியமானது என்பது 4-ஆம் தேதிதான் புரிந்தது.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அன்று சொல்லி அனுப்பினேன். இரவில் அவசரம் என்றால் முதலில் என்னை அழைப்பது, நான் கிடைக்காவிட்டால் பாலம் தாண்டித் தீவில் இரவு திறந்திருக்கும் இடத்துக்குப் போவது. பெருநாள் வார இறுதியில் பினாங்குப் பாலத்தின் நெரிசல் உங்களுக்குத் தெரியும், அதனால் கிளம்புவதில் தாமதிக்காதீர்கள் என்றும் சொன்னேன். குட்டிக்கும் குட்டிக்கும் நடுவே "ரெண்டு மணி நேரம் வரைக்கும் பயப்பட வேண்டாம்" என்றேன். இந்த வாக்கியம் பாதிதான்.

நவம்பர் 4

விடியற்காலை 5.30-க்கு வெப்பம் 36.9. பையன் படத்தோடு செய்தி அனுப்பினான். மதியம் இரண்டு மணிக்கு மேல் பொம்மி நிலைகொள்ளாமல் துணியைக் கிளறியது, மூச்சிரைத்தது, சாப்பாட்டைத் தொடவில்லை. மாலை 5.40-க்கு முதல் குட்டி. 6.15, 7.05, 8.20. நான்கும் உயிரோடு, நான்கும் பால் குடிக்கத் தொடங்கின. பையன் சமையல் தராசில் நிறுத்து எழுதினான்: 215, 230, 205, 240 கிராம்.

நான்காவதற்குப் பிறகு பொம்மி படுத்துவிட்டது, குட்டிகளை நக்கியது, அமைதியாக இருந்தது. முதல் ஸ்கேனில் எண்ணிய எண்ணிக்கையை நம்பியிருந்தால் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். ஐந்து என்று தெரிந்ததால் தாத்தா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

9.45-க்கு மறுபடி முக்கத் தொடங்கியது. பலமாக முக்கியது, ஒன்றும் வரவில்லை. அம்மா அழைக்கலாம் என்று சொல்ல, அப்பா "டாக்டர் ரெண்டு மணி நேரம்னு சொன்னாரே" என்று நிறுத்தியிருக்கிறார். நான்காவது குட்டி பிறந்தது 8.20. சரியாக 10.20-க்கு அழைத்தார்கள். சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டிய மறுபாதி இது: தாய் சும்மா படுத்திருந்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்கலாம். பலமாக முக்கி 20, 30 நிமிடம் ஆகியும் குட்டி வராவிட்டால் கடிகாரத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

10.45-க்கு கிளினிக்கில். ஸ்கேனில் குட்டியின் துடிப்பு 142. விரல் விட்டுப் பார்த்ததில் வாலும் பிட்டமும் முதலில் வந்திருந்தன, பின்கால்கள் முன்பக்கமாக மடங்கிக் கிடந்தன. நாய்க்குட்டி பின்கால் முதலில் வருவது சகஜம், அது மட்டும் பெரிய ஆபத்து இல்லை. கால் மடங்கிப் பிட்டம் மட்டும் வந்தால்தான் அடைத்துக்கொள்ளும். அறுவைக்கு ஏற்பாடு செய்துகொண்டே வழுவழுப்பான ஜெல் போட்டு ஒவ்வொரு காலாக நீட்டி இழுத்ததில் 10.58-க்கு வெளியே வந்தது. 282 கிராம், ஐந்திலும் பெரியது. மூச்சு இல்லை. வாயையும் மூக்கையும் உறிஞ்சித் துடைத்து, துண்டால் தேய்த்து, பிராணவாயு கொடுத்து, நெஞ்சை அழுத்தி 25 நிமிடம் முயன்றோம். வரவில்லை.

கூடத்தில் பையன் ஒரு பெட்டிக்குள் நான்கு குட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாவதைப் பார்க்க வேண்டும் என்றான். தாத்தா அவனை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

பொம்மிக்கு எந்தச் சேதமும் இல்லை. கருப்பையில் மிச்சம் எதுவும் இல்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டு நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினோம்.

பிறகு தெரியவந்தது

நவம்பர் 12, தாயையும் குட்டிகளையும் பார்க்க வரச் சொன்ன நாள். நான்கு குட்டிகளும் எடை இரட்டிப்பாகியிருந்தன. மூன்று கறுப்பு. ஒன்று மட்டும் மஞ்சளும் வெள்ளையும். எதிர் வீட்டு நாய் கறுப்பு.

குட்டி பிறந்த நாளிலிருந்து 65 நாள் பின்னால் எண்ணினால் எல்எச் உச்சம் ஆகஸ்ட் 31-இல் விழுகிறது. அந்தத் தேதியைச் சொன்னதும் தாத்தா சிரித்துவிட்டார். மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், கேட்டு திறந்தே கிடந்தது, பொம்மி ஒரு மணி நேரம் காணாமல்போய்த் தானாகத் திரும்பி வந்தது. "திட்டுவாங்கன்னு சொல்லலைங்க," என்றார். அடுத்த இரண்டு மூன்று நாளும் அது கேட்டுக்கடியில் நுழைந்து வெளியே போனதாம்.

25-ஆம் தேதி இணை சேர்ந்ததிலேயே எல்லாக் குட்டிகளும் உருவாகியிருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். பிந்தைய நாட்களில் இன்னொரு ஆண் சேர்ந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் இருப்பது நாய்களில் நடக்கும். நிறத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது, எங்களுக்கு நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. பையன் பார்த்த இணைசேர்க்கையிலிருந்து எண்ணினால் குட்டி பிறந்தது 71-ஆவது நாள். 28-ஆம் தேதி நாங்கள் அறுவை செய்திருந்தால் எல்எச் கணக்கில் 58-ஆவது நாளில் எடுத்திருப்போம்.

இனி எப்படிச் செய்வோம்

எடை. கர்ப்பத்துக்கு முந்தைய எடை தெரியாமல் எந்தச் சூத்திரத்தையும் தொடக் கூடாது. பழைய அட்டை இல்லாவிட்டால் இரண்டு சூத்திரங்களிலும் போட்டு, இரண்டு தேதியையும் எழுதி, குடலும் பல்லும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். 8 முதல் 12 கிலோவுக்குள் இருக்கும் நாய்தான் இந்தப் பொறியில் விழும். 4 கிலோ நாய்க்கும் 20 கிலோ நாய்க்கும் இந்தக் குழப்பமே வராது. நம் ஊர்க் கலப்பின நாய்களில் ஏராளமானவை சரியாக அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

அட்டையில் ஒற்றைத் தேதி எழுதுவதை நிறுத்திவிட்டோம். தொடக்கமும் முடிவும் உள்ள இடைவெளிதான். வீட்டுக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை, "சரி, அதுல எந்த நாள்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்றினேன். "எப்போ இணை சேர்ந்துச்சு?" என்று கேட்டால் பார்த்த நாளைத்தான் சொல்வார்கள். இப்போது, "ரத்தப்போக்கு எப்போ ஆரம்பிச்சது? அதுக்கப்புறம் ஒரு மாசத்துல எப்பெல்லாம் வெளியே போச்சு?" என்று கேட்கிறேன். வீட்டில் நாயைப் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரைத் தனியாகவும் ஒரு முறை கேட்கிறேன். யார் முன்னால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதைத் தாத்தா காட்டிக்கொடுத்துவிட்டார்.

இணை சேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் நான்கு வாரம் கழித்து ஒரு ஸ்கேன் என்று தாமான் வாசிகளிடம் சொல்லிவருகிறோம். பொம்மியைச் செப்டம்பர் கடைசியில் கொண்டுவந்திருந்தால் கரு உருண்டையை அளந்தே நாளை முடித்திருக்கலாம். சினை வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அப்போது நேரம் இருந்திருக்கும்.

ஐந்தாவது குட்டியைப் பற்றி நான் அதிகம் யோசித்தது உண்மை. 9.45-க்கே கிளம்பியிருந்தால் பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 35 நிமிடம் முன்னால் கையில் கிடைத்திருக்கும் என்பது மட்டும் உறுதி. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியதை இப்போது ஒரு தாளில் அச்சடித்துத் தமிழிலும் மலாயிலும் கொடுக்கிறோம். முதல் வரியே பலமாக முக்கும் 20 நிமிடத்தைப் பற்றியது. இரண்டு மணி நேரம் என்பது அதற்குக் கீழே, சிறிய எழுத்தில்.

குட்டிகள் எட்டு வாரம் முடிந்ததும் மூன்று வேறு வீடுகளுக்குப் போயின, மஞ்சள் குட்டி அங்கேயே தங்கிவிட்டது. பொம்மிக்குப் பிப்ரவரியில் கருத்தடை செய்தோம். அன்று எடை 9.4 கிலோ. அட்டையில் அந்த எண்ணைப் பையன்தான் எழுதினான், பக்கத்தில் "குட்டி இல்லாமல்" என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்து.